கீழ்வீட்டுக்கு ஏற்ற ஆள்

அருப்புக்கோட்டை
9 ஜூன் 2024

பிரியமுள்ள தங்கை இன்பராணிக்கு,

அண்ணன் செல்வதுரை எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெயில்தான் போகமாட்டேன் என்கிறது. நீயும் உன் மகன் ரூபனும் மருமகள் ஜெப ஷீலாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கீழ்வீட்டு வாத்தியார் மாற்றலாகிப் பரமக்குடிக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகவில்லை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது சொன்னது உனக்கு நினைவிருக்கும். வீடு எனக்கு, கீழ்வீட்டு வாடகை உனக்கு. அந்த வார்த்தையை இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறேன். அடுத்து வருகிற ஆளைச் சரியாகப் பார்த்து வைப்பதும் என் பொறுப்பு. ஆகவே அவசரப்படப் போவதில்லை.

நேற்றே ஒருவர் வந்தார். சௌந்தரபாண்டியன் என்ற இளம் வக்கீல். வழக்கம்போல மாடியின் கம்பிக்கதவுக்கு உள்ளே நின்று "யாரது" என்று கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. வெள்ளையடிக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வக்கீலுக்கு வீடு கொடுத்துவிட்டுக் காலி செய்யவைக்க வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரே கதைதான். புள்ளியியல் அலுவலக வேலையில் கடை கடையாக விலை எடுக்கப் போகும்போது, ஒரே கடையில் கேட்டதை ஊர் விலை என்று எழுதக்கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இப்போது நானே அதைச் செய்கிறேனோ என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் வெங்காய விலையைத் தவறாக எழுதினால் அடுத்த வாரம் திருத்திவிடலாம். வீடு அப்படி இல்லையே.

பேங்க் பெயரைச் சொல்லி ஒருவன் நம்பர் கேட்ட நாள்முதல் நான் போனை எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். கடிதமாகவே எழுது.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
அண்ணன் செல்வதுரை

---

மில் குடியிருப்பு, கோயம்புத்தூர்
23 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ராணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்குச் சர்க்கரை கூடவில்லை என்று படித்ததில் சந்தோஷம். காலையில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா, இல்லை முன்போல மறந்துவிட்டு மத்தியானம் போடுகிறீர்களா?

வக்கீலுக்கே கொடுத்திருக்கலாம். நான் காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதற்காகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்திக்கொண்டா இருந்தேன்?

கடிதமே எனக்கும் நல்லது. போனில் இப்போதெல்லாம் பாதிப் பேச்சு எனக்கு வந்து சேர்வதில்லை.

அடுத்த மாதத்துக்குள் யாராவது குடிவந்தால் பரவாயில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. ரூபனுடைய மில்லில் மூன்றாவது ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, செய்தியாக எழுதினேன்.

மோர் நிறையக் குடியுங்கள்.

தங்கை,
இன்பராணி

---

அருப்புக்கோட்டை
17 ஜூலை 2024

பிரியமுள்ள ராணிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். ஒரு மழை பெய்தது, தெருப் புழுதி அடங்கும் அளவுக்கு. உன் கடிதம் வந்த பிறகு மாத்திரையைக் காலையிலேயே போடுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பந்தல்குடி ரோட்டு மில்லுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் காளீஸ்வரன் என்பவன் வந்தான். ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பையன்களுக்கு வீடு வேண்டுமாம். வாத்தியார் கொடுத்ததைவிட ஆயிரம் ரூபாய் கூடத் தருவதாகச் சொன்னான். ஊர் வாடகை இன்னது என்று தெரிந்தும் ஒருவன் கூடக் கொடுக்கிறான் என்றால் அந்தக் கூடுதல் எதற்கு? நம்மிடமிருந்து எதையோ மறைக்கத்தானே? குறைத்துக் கேட்டிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

பையன்கள் சத்தம் போடுவார்களா என்று கேட்டேன்.

"தெரு பூராத் தறி ஓடுது சார். அது உங்களுக்குச் சத்தமாத் தெரியல. அவனுக மூச்சு விட்டாத்தான் சத்தமா?" என்றான்.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யாருக்குத் தெரியும் என்றேன். அவன் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க உள்ள நிக்கிறீக, நான் வெளிய நிக்கிறேன். ஆனாப் பாத்தா நீங்கதான் ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கு. வாரேன் சார். ஒண்ணு மட்டும் சொல்றேன். பூட்டிக் கெடக்கிற வீட்டுக்கு ஊரே ஒரு பேரு வச்சிரும்."

மரியாதை தெரியாத பேச்சு. என் முடிவு சரிதான் என்று அப்போதே உறுதியாகிவிட்டது. அவன் பேச்சுக்கும் அந்தப் பையன்களின் குணத்துக்கும் என்ன தொடர்பு என்று பிறகு யோசித்தேன். இருந்தாலும் முடிவை மாற்றவில்லை.

உன் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்.

அண்ணன் செல்வதுரை

---

மில் குடியிருப்பு, கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சுகமாகத்தான் இருக்கிறேன். வீட்டில் கொஞ்சம் அலைச்சல். ரூபன் பாஸ்போர்ட்டுக்காக நடந்துகொண்டிருக்கிறான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதை ஒரு பழைய சிநேகிதிபோல நினைத்துக்கொண்டேன்.

ஏனோ இந்த வாரம் முழுக்க அப்பா நினைவு. திருச்சுழிப் பக்கத்தில் கூலி வேலையை விட்டுவிட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக அவர் டவுனுக்கு வந்தபோது வீடு தேடிய கதையை அம்மா சொல்லுவாள். எந்த ஊர் என்று கேட்பார்களாம். சொன்னால் எந்தத் தெரு என்பார்களாம். தெருவைச் சொன்னதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை வந்துவிடுமாம். அதனால்தான் அவர் மாடி கட்டக் காசு சேரும்வரை காத்திருக்காமல் கீழ்வீட்டை மட்டும் முதலில் கட்டினார். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாத கதையா.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம் என்று இருக்கிறீர்கள்? இங்கே கோயம்புத்தூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். அங்கே அவ்வளவு கேட்கமாட்டார்கள்தானே? யார் வந்தாலும் அட்வான்ஸைக் குறைத்து வாங்குங்கள். பாவம், வீடு தேடி வருகிறவர்கள்.

கோதுமைக் கஞ்சி குடிக்கிறீர்களா? சுக்குப் போட்டுக் குடியுங்கள்.

தங்கை,
ராணி

---

அருப்புக்கோட்டை
4 செப்டம்பர் 2024

பிரியமுள்ள ராணிக்கு,

அண்ணன் எழுதுவது. சளி பிடித்து இப்போது குணமாகிவிட்டது. வீட்டில் எல்லோருடைய சுகத்தையும் நான் விசாரித்ததாகச் சொல்.

பாண்டீஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். ரெடிமேட் கம்பெனியில் தையல் வேலை. கணவர் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மாமியாரும் கூட இருப்பாராம். வாடகையைக் கேட்டாள், சொன்னேன்.

"சரி சார். நாளைக்கே அட்வான்ஸ் தாரேன்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு நூறு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்றுகூடக் கேட்கவில்லை. நம் ஊரில் கத்திரிக்காய்க்கே பேரம் பேசாமல் யாரும் நகர மாட்டார்கள். பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறவருக்கு வாடகை கொடுக்கும் எண்ணம் இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் தவணை சொல்லிவிட்டு, நான் முன்பு விலை எடுத்த கடைகளில் விசாரித்தேன். மருந்துக்கடைக்காரர், "மாமியாருக்கு மாசாமாசம் மாத்திரை வாங்குது. பாக்கி வச்சதே இல்ல" என்றார். மளிகைக்கடை சீனிச்சாமியோ, "புருசன் ரோட்லயே கெடக்கிறவன். வீட்டுக்கு யாரு வாரா யாரு போறான்னு நம்ம எப்படிச் சொல்றது?" என்றார். சீனிச்சாமி சொன்னதுதான் மனதில் நின்றது. மூன்றாம் நாள் அவள் வந்தபோது நான் குரல் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

வாடகை வராத மாதங்களுக்கு என் பென்ஷனிலிருந்து உனக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். ஆனால் அது வாடகைப் பணம் ஆகாது. பென்ஷன் என் செலவுக்கு உள்ளது, வாடகை உனக்கு உள்ளது. இரண்டையும் கலந்தால் நான் உனக்குத் தர்மம் செய்ததுபோல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. அட்வான்ஸைப் பற்றி நீ இதுவரை கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்து ஷீலா சொல்லிக்கொடுத்து எழுதினாயோ? நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் பணக் கணக்கில் கெட்டி என்று சொல்வார்கள். பாஸ்போர்ட் எதற்கு? மலேசியா, சிங்கப்பூர் என்று சுற்றிப் பார்க்கப் போகிறார்களா? ஷிப்டு குறைந்த நேரத்தில் இந்தச் செலவு தேவையா என்று ரூபனிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் நன்மையை நினைக்கும்,
அண்ணன்

---

மில் குடியிருப்பு, கோயம்புத்தூர்
25 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகம். சளிக்கு ஆவி பிடித்தீர்களா?

ஷீலாவைப் பற்றி இனிமேல் அப்படி எழுதவேண்டாம். அவளை நீங்கள் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

கீழ்வீட்டுக்கு எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வயதான அம்மா. என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள். சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன், அவனும் வேலைக்காக வெளிநாடு போய்விட்டான். மாதம் பிறந்ததும் பணம் அனுப்பிவிடுவான். தனியாகத்தான் இருப்பாள். காது கொஞ்சம் மந்தம். மற்றபடி தன் வேலையைத் தானே செய்துகொள்வாள். கோயம்புத்தூரில் தனி ஆளுக்கு வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னாள். உங்கள் கீழ்வீட்டைப் பற்றி நானாகத்தான் பேச்செடுத்தேன். அவள் கேட்கவில்லை.

நீங்கள் கொடுப்பீர்களா என்று யோசித்து எழுதுங்கள். எனக்காக என்று நினைக்கவேண்டாம். அவளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று மட்டும் பாருங்கள்.

இன்பராணி

---

அருப்புக்கோட்டை
6 அக்டோபர் 2024

பிரியமுள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. ஆவி பிடித்தேன், சளி விட்டுவிட்டது. ஷீலாவைப் பற்றி எழுதியது உனக்கு வருத்தம் தந்திருந்தால் மன்னித்துக்கொள்.

நீ யோசித்து எழுதச் சொன்னதால் நன்றாகவே யோசித்தேன். அந்த அம்மாவைப் பற்றி எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் தனியாக இருக்கும் வயதானவர் கீழே விழுந்தால் மாடியில் இருக்கும் நான்தான் ஓட வேண்டும். என் முழங்காலுக்கு அது நடக்கிற காரியமா? காது மந்தம் என்கிறாய். தொட்டி நிரம்பி வழிவது அவருக்குக் கேட்காது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டு மகன்கள் நாலு மாதம் ஒழுங்காகப் பணம் அனுப்புவார்கள், அப்புறம் அவரவர் குடும்பம் என்று ஆகிவிடும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, என்றாலும் இதையும் யோசிக்க வேண்டும். வீட்டிலேயே ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இத்தனை வயதில் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அவரை வைத்துக்கொள்ளவில்லை. காரணம் இல்லாமலா இருக்கும்? கூடப் பிறந்தவர்களுக்கே வேண்டாத ஆளை நாம் எப்படி நம்பி வைப்பது?

உன் சிநேகிதி என்பதால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். தூரத்தில் இருந்து பார்க்கும் எனக்குத் தெரிகிறது. வேறு இடம் பார்க்கச் சொல்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அண்ணன் செல்வதுரை

---

அருப்புக்கோட்டை
1 டிசம்பர் 2024

பிரியமுள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் தெரியவில்லை. அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை, தீபாவளி சமயத்தில் எழுதிய கார்டுக்கும் இல்லை. தபால்காரரிடம் கேட்டேன். போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறார்.

கீழ்வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. போன வாரம் புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி வந்தார்கள். மல்லாங்கிணற்றுக்காரர்கள். பையன் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. மாட்டேன் என்று சொல்ல எனக்கே ஒரு குறையும் தென்படவில்லை. சாவியோடு கீழே இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"எத்தனை மாசமா சார் சும்மா கெடக்கு?"

சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள்.

"இம்புட்டு மாசமா டவுனுக்குள்ள ஒரு வீட்டுக்கு ஆள் வராம இருக்குமா? உள்ள யாரும் எதுவும் பண்ணிக்கிட்டாகளா சார்?"

அப்படி ஒன்றும் இல்லை, வாத்தியார் மாற்றலாகித்தான் போனார் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. எதிர்வீட்டில் விசாரித்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. தெருவில் இதை ராசியில்லாத வீடு என்று சொல்வதாகப் பிறகு தெரிந்தது. ஒரு குறையும் இல்லாத வீடு. அதை எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கடிதங்கள் உன் கைக்கு வருகின்றனவா? நீ சொல்லியும் கேட்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஷீலா வாங்கி வைத்துக்கொள்கிறாளோ என்று ஒரு பயம். உன் கையால் இரண்டு வரி எழுது.

அண்ணன்

---

பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்
12 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

ஜெப ஷீலா எழுதுவது. அத்தையின் அண்ணன் எனக்குப் பெரியப்பா முறை என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்கள். அதனால் அப்படியே எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறோம்.

பழைய விலாசத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம் சுற்றி நேற்று வந்தது. அத்தைக்கு வந்த கடிதத்தை நான் இதற்கு முன் பிரித்ததில்லை. இதைப் படித்துவிட்டு அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்கள். மேசையில் இருந்ததால் நான் படித்தேன். கூடவே அவர்கள் பைபிளுக்குள் வைத்திருந்த அக்டோபர் கடிதத்தையும் படித்தேன். அது தவறுதான்.

மில்லை மூடிவிட்டார்கள். அவர் செப்டம்பர் நடுவில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கென்று ஒரு சின்ன வீடு பிடிக்க நானும் அவர்களும் எத்தனையோ தெரு நடந்தோம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னால் தெற்கத்தி ஆட்களா என்று முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வீட்டில் அத்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்டு, அவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டே என்னிடம், "கெழவி செத்துக்கித்துப் போனா நாங்க என்ன பண்றது?" என்றார் ஒருவர். அத்தை சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு உதட்டைப் பார்த்தே எல்லாம் புரியும். அது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது.

காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்கள்.

இப்போது இருவரும் ஒரே அறையில் இருக்கிறோம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி இது. நான் இருப்பதால் அத்தையை விட்டிருக்கிறார்கள். ஜனவரி கடைசியில் எனக்கு விசா வந்துவிடும். அதற்குப் பிறகு அத்தைக்கு இங்கே இடம் இல்லை. உங்களிடம் கேட்கலாம் என்று நான் சொன்னபோது, "கேட்டுப் பாத்தாச்சு" என்றார்கள். எப்போது கேட்டார்கள் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் என்னைப் பற்றி எழுதியதற்கு வருத்தமில்லை. நானும் உங்களைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. எதற்கும் பயப்படாத கெட்டியான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

ஷீலா

---

அருப்புக்கோட்டை
17 டிசம்பர் 2024

ராணி,

நான் சுகம் என்று எழுத வரவில்லை.

அனுப்புகிற கடிதத்துக்கு நகல் வைப்பது என் வழக்கம். அக்டோபர் நகலை எடுத்துப் படித்தேன். ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. எந்த வரி என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா நீ என்று தெரியாமல் எழுதினேன் என்று முதலில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். தெரியாத ஒரு அம்மாவைப் பற்றி மட்டும் அப்படி எழுதலாமா?

சீனிச்சாமி கடையில் பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். அன்றைக்குக் கதவைத் திறக்காததற்கு வருத்தம் தெரிவித்து, வீடு இன்னும் இருக்கிறது, வருகிறாயா அம்மா என்று கேட்டேன்.

"வேற வீடு பாத்து வந்தாச்சு சார். நீங்க தராததும் நல்லதாப் போச்சு. அந்த வீட்ல என்னமோ இருக்குங்காக" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா, நல்ல வீடு."

"ஒண்ணும் இல்லாமலா சார் யாருக்கும் வேண்டாமக் கெடக்கு?"

அவள் குத்திக்காட்டவில்லை. இயல்பாகத்தான் கேட்டாள். எண்ணெய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பேரம் பேசாமல் ஏன் ஒத்துக்கொண்டாள் என்பதைச் சீனிச்சாமி இப்போது சொல்கிறார். மாமியாருக்கு மாடி ஏற முடியாது, கீழ்வீடு கிடைத்தால் போதும் என்று இருந்தாளாம். இதை அன்றே நான் அவளிடமே கேட்டிருக்கலாம். அவளைப் பற்றி ஊரில் கேட்டேன். அவளைக் கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் நல்லது சொன்னபோது இவருக்கு இதில் என்ன லாபமோ என்று யோசித்தேன். சீனிச்சாமி கெட்டது சொன்னபோது அப்படி யோசிக்கவே இல்லை. விலை எடுக்கும் வேலையில் இப்படிச் செய்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கீழ்வீட்டைக் கழுவிவிட்டேன். சமையலறை மேடையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டக் கொத்தனாரை வரச்சொல்லியிருக்கிறேன். உன்னைக் கூப்பிட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. வந்துவிடு. ஷீலாவிடம் நான் என்ன சொல்வது என்று நீயே எழுது.

செல்வதுரை

---

பெண்கள் விடுதி, கோயம்புத்தூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ராணி எழுதுகிறேன். புதுவருஷ ஆராதனைக்கு ஷீலாவும் நானும் போய்வந்தோம். பாட்டு ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன். சுகமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. உடனே சரி என்று எழுத மனம் வரவில்லை. நானும் விசாரிக்க வேண்டுமே. வீட்டுக்காரர் தனி ஆள். வயதானவர். சர்க்கரை உண்டு, மாத்திரையை மறப்பார். மாடியிலிருந்து விழுந்தால் கீழே இருக்கும் நான்தான் ஓட வேண்டும், என் முழங்காலும் உங்களுடையதைப்போலத்தான். போனை எடுக்கமாட்டார். கூடப் பிறந்தவளுக்கே வீடு கொடுக்கவில்லையாம், காரணம் இல்லாமலா இருக்கும்? இப்படியெல்லாம் ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன அண்ணே. இந்த வேலை இவ்வளவு சுலபம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து உங்கள் எதிரில் உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும்.

பேரம் பேசாமல் வருகிறவளை நம்பமாட்டீர்கள். அதனால் பேசிவிடுகிறேன். வாத்தியார் கொடுத்த வாடகையில் ஐந்நூறு குறைக்க வேண்டும். மாதம் பிறந்ததும் உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். அப்பா சொன்னபடி அதை நீங்கள் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். தர்மம் ஆகாது, பயப்படவேண்டாம். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. காலை மாத்திரை என் பொறுப்பு. இதில் எதையும் குறைக்கமாட்டேன்.

கீழ்வீட்டின் பின்பக்கத்து அறை எனக்கு வேண்டியதில்லை. அந்த ஒடிசாப் பையன்களில் யாருக்காவது இன்னும் இடம் கிடைக்கவில்லையா என்று காளீஸ்வரனிடம் கேளுங்கள். சத்தம் போட்டால் எனக்குத் தொந்தரவு இருக்காது.

ஷீலாவிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். அவள்தான் என்னை அழைத்துக்கொண்டு வருகிறாள். இரண்டு நாள் இருப்பாள். நேரில் பார்த்துவிட்டு எப்படிப்பட்டவள் என்று முடிவு செய்யுங்கள், அவளும் அப்படியே செய்யட்டும்.

அடுத்த சனிக்கிழமை மதுரையில் இறங்கி மத்தியான பஸ்ஸில் வருகிறோம். நான்தான் முன்னால் வந்து கதவைத் தட்டுவேன். உள்ளே நின்றுகொண்டு "யாரது" என்று கேட்காதீர்கள். எனக்குக் கேட்காது. கதவைத் திறந்து பாருங்கள்.

தங்கை,
இன்பராணி